காவல் பயிற்சியில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: புகார், சம்பவ இடம், கைது, பலப்பிரயோகம்

தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகவோ உதவி ஆய்வாளராகவோ பயிற்சியில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பிரிவு எண்களை வகுப்பில் மனப்பாடம் செய்துவிடலாம். இரவு பதினொரு மணிக்குத் தலையில் ரத்தத்தோடு ஒருவர் நிலையத்துக்குள் வரும்போது எந்த வேலையை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. அந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதற்காகவே இந்தத் தொகுப்பு.

வெறுமனே ‘பிரிவு’ என்று சொன்னால் அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. மற்றச் சட்டங்களுக்குப் பெயர் சேர்த்திருக்கிறோம்.

1. புதுச் சட்டம் வந்தாச்சே, பழைய ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. எல்லாம் இன்னும் எதுக்குப் படிக்கணும்?

புதிய மூன்று சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதைச் சம்பவம் நடந்த தேதிதான் முடிவு செய்கிறது. 2024 மே மாதம் நடந்த மோசடிக்கு இன்று புகார் வந்தாலும் குற்றப் பிரிவு ஐ.பி.சி. 420தான், பி.என்.எஸ். 318 போட முடியாது. அதனால் புகாரைப் படித்ததும் முதலில் சம்பவத் தேதியைத் தேடுங்கள். நிலையத்தில் நிலுவையில் உள்ள கோப்புகளும் நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணைகளும் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பழைய எண்களில்தான் ஓடும்.

2. இது பிடியாணை வேண்டாக் குற்றமா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊகிக்க வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, ஜாமீனில் விடத்தக்கதா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று இருக்கிறது. கையால் அடித்து லேசான காயம் என்றால் பி.என்.எஸ். 115(2), நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் புலன் விசாரணை செய்ய முடியாது. அதே அடியில் எலும்பு முறிந்தால் 117(2), கத்தியால் காயம் என்றால் 118(1). இரண்டிலும் உடனே வழக்குப் பதிய வேண்டும். ஆகவே காயத்தின் தன்மையை மருத்துவர் சொல்லட்டும். நிலையத்து வாசலில் நின்று நீங்கள் ‘லேசான காயம்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள்.

பலரும் வழுக்கும் இடம் திருட்டு. 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை தண்டனை உண்டு. அந்த வகைத் திருட்டை அட்டவணை பிடியாணை வேண்டிய குற்றமாக வைத்திருக்கிறது.

3. சம்பவம் வேற ஸ்டேஷன் லிமிட்ல நடந்திருக்கு. அங்க போகச் சொல்லலாம்ல?

சொல்லக் கூடாது. பிரிவு 173(1) எல்லை பாராமல் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றலாம். பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவதும் தடயத்தைக் காப்பதும் மாற்றலுக்குக் காத்திருக்கக் கூடாது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் வந்த தகவலுக்கு, கொடுத்தவர் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசம்.

நீங்கள் காவலராகப் பாரா (நிலையக் காவல் பணி) பார்த்துக்கொண்டிருந்தால் உங்களால் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. நிலையப் பொறுப்பு அதிகாரி இல்லாதபோது அடுத்த நிலையில் இருப்பவர், காவலருக்கு மேற்பட்ட தகுதியில் இருந்தால், அந்தப் பொறுப்பை ஏற்பார். உங்கள் வேலை வந்தவரை உட்கார வைத்து, காயம் இருக்கிறதா என்று பார்த்து, வந்த நேரத்தைக் குறித்து, உடனே பொறுப்பு அதிகாரிக்குச் சொல்வது. ‘ஐயா இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற பதில் பாலியல் வன்முறைப் புகாரில் உங்கள் நிலையத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். பி.என்.எஸ். 199-இன்படி, அதில் சொல்லப்பட்ட குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

4. முதல்ல சி.எஸ்.ஆர். போட்டு விசாரிச்சுட்டு, அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டா என்ன தப்பு?

சி.எஸ்.ஆர். ரசீது மனு பெற்றதற்கான அத்தாட்சி மட்டுமே. புகாரைப் படித்தவுடனே பிடியாணை வேண்டாக் குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. புகார் உண்மையா பொய்யா என்பது புலன் விசாரணையில் தெரிய வேண்டியது. பதிவு செய்யும் முன் அதைச் சோதிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

விதிவிலக்கு ஒன்று பிரிவு 173(3)-இல் இருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அனுமதி எழுத்தில் கோப்பில் இருக்கட்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் இந்தக் கதவு மூடியது: அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வழக்குகளைப் புலன் விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது.

5. காணாமப் போனவங்க புகார்னா 24 மணி நேரம் கழிச்சுத்தானே எடுக்கணும்?

அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. காணாமல் போனது குழந்தை என்றால், கடத்தலாகவோ ஆள் கடத்தல் வணிகமாகவோ இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முதல் சில மணி நேரத்தில்தான் பேருந்து நிலைய கேமராவும் கைப்பேசி டவர் தகவலும் உதவும். புகைப்படம், கடைசியாக அணிந்திருந்த உடை, செருப்பு, உடலில் உள்ள அடையாளம், கைப்பேசி எண், கடைசியாகப் பேசியவர் யார் என்பதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

6. வர்றவங்க கோர்வையா சொல்றதில்ல. நாமளே நல்லா எழுதிக் கொடுத்தா கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?

நேர்மாறாக நடக்கும். அவர் சொல்லாததை நீங்கள் சேர்த்தால், குறுக்கு விசாரணையில் ‘இதை நான் சொல்லவில்லை’ என்று அவர் வாயாலேயே வரும். அவர் சொன்ன வசைச் சொல் உட்பட, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். கிழமை, நேரம், இடத்துக்கு ஓர் அடையாளம், யார் யார் பார்த்தார்கள், என்ன ஆயுதம், எந்தக் கை என்று கேள்வி கேட்டு வாங்கலாம். விடையை மட்டும் நீங்கள் சொல்லித்தராதீர்கள்.

தாமதமாக வந்திருந்தால் ஏன் தாமதம் என்பதை அவர் வாய்மொழியாகவே புகாரில் சேருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். எழுதியதை உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும்.

7. சம்பவ இடத்துக்கு முதல் ஆளா நான்தான் போறேன். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

கடிகாரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதுங்கள். அடுத்து உயிர். மூச்சோ நாடியோ இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலே போதும், தடயம் கலைந்தாலும் பரவாயில்லை, காப்பாற்றும் வேலைதான் முதலில். 108-க்குச் சொல்லுங்கள். ஆளை எடுத்துச் செல்லும் முன் கிடந்த நிலையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள்; அதற்காக ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். தூக்கில் தொங்குபவரிடம் உயிர் அறிகுறி இருந்தால் உடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சிலிருந்து தள்ளிக் கயிற்றை அறுக்க வேண்டும். எந்த வகை முடிச்சு, எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் தற்கொலையா கொலையா என்பதற்கான முக்கியத் தடயங்களில் ஒன்று. இறந்துவிட்டது உறுதி என்றால், புலன் விசாரணை அதிகாரி வரும்வரை உடலை இறக்காதீர்கள்.

அடுத்தது ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது: எரிவாயு கசிவு, அறுந்த மின்கம்பி, ஆயுதத்தோடு ஒளிந்திருப்பவர். அதன் பிறகு தடுப்பு. கயிறோ நாடாவோ கட்டும்போது கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தோடு நிறுத்திவிடுவதுதான் பொதுவான பிழை. குற்றவாளி வந்த வழியும் போன வழியும் உள்ளே அடங்கும்படி அகலமாகக் கட்டுங்கள். பிறகு சுருக்கிக்கொள்ளலாம், விரிக்க முடியாது. உள்ளே போக ஒரே தடம். போனவர் பெயர், போன நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மேலதிகாரி போனாலும் எழுத வேண்டும்.

செய்யக் கூடாதவை: விளக்கையோ மின்விசிறியையோ போடுவது, அணைப்பது, அங்குள்ள குழாயில் கை கழுவுவது, உடலின் மேல் வீட்டிலிருக்கும் போர்வையைப் போர்த்துவது. போர்வையின் நூலிழை உடலில் ஒட்டும், உடலில் இருந்த இழை போர்வைக்குப் போகும். மழை வந்தால் கால்தடத்தின் மேல் பக்கெட்டையோ அட்டைப் பெட்டியையோ கவிழ்த்து வையுங்கள். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்று பிரிவு 176(3) சொல்கிறது. அவருக்கு மிச்சம் வைப்பது உங்கள் பொறுப்பு.

8. ரத்தக் கறை துணி, செல்போன், சிசிடிவி இதையெல்லாம் எப்படி எடுக்கறது?

ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். வெயிலில் இல்லாமல் நிழலில் உலர்த்தி, கறை பட்ட இடத்தில் மடிப்பு விழாமல் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொரு துணிக்கும் தனிக் காகித உறை போட்டு, முத்திரையிடுங்கள். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டையையும் இறந்தவரின் சட்டையையும் ஒரே மேசையில் வைக்கக் கூடாது.

கைப்பேசி அணைந்திருந்தால் அணைந்தபடியே இருக்கட்டும். எரிந்துகொண்டிருந்தால் திரையில் தெரிவதைப் படமெடுத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றி, மாற்றிய நேரத்தை எழுதுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து அடிக்காதீர்கள். சில கைப்பேசிகள் தவறான முயற்சிகளுக்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடும். சிசிடிவியின் பதிவுக் கருவியான டி.வி.ஆர். பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், ஆகவே அன்றே போய்ப் பாருங்கள். டி.வி.ஆர். காட்டும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். சில நிமிட வித்தியாசத்தைக் குறிக்காமல் விட்டால், எதிரி வேறிடத்தில் இருந்ததாகக் காட்ட அதுவே போதும். நகல் எடுத்தால் பி.எஸ்.ஏ. 63-இன்படி இரண்டு பகுதியுள்ள சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் வேண்டும்.

9. சோதனையை வீடியோ எடுத்தா மகசர் சாட்சி தேவையில்லைதானே?

வீடியோ, மகசர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) இரண்டும் வேண்டும். பிரிவு 105-இன்படி சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் எழுதுதல், சாட்சிகள் கையெழுத்திடுதல் எல்லாமே ஒலி, ஒளிப் பதிவாக வேண்டும், கைப்பேசியே போதும். பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். பிரிவு 103 கேட்கும் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளும் அப்படியே தொடர்கிறார்கள். வாசலைத் தாண்டும் முன்பே பதிவைத் தொடங்குங்கள். பொருள் கிடைத்த பிறகு தொடங்கிய வீடியோ, நீங்களே வைத்து எடுத்ததாகச் சொல்ல இடம் தரும்.

10. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. உடனே தூக்கிட்டு வந்துடலாமா?

கைது செய்ய அதிகாரம் இருப்பதும் கைது தேவைப்படுவதும் வேறு வேறு. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், மேலும் குற்றம் செய்வார், தடயத்தை அழிப்பார், சாட்சியை மிரட்டுவார், விசாரணைக்குத் தேவை, நீதிமன்றத்துக்கு வரமாட்டார் என்பதில் ஏதோ ஒன்று இருந்தால்தான் பிரிவு 35 கைதை அனுமதிக்கிறது. காரணத்தை எழுதவும் வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு அழுத்திச் சொன்னது இதையே. காரணம் இல்லையென்றால் 35(3) அறிவிப்பு கொடுத்து வரவழையுங்கள். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.

3 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில் எதிரி 60 வயதைத் தாண்டியவராகவோ உடல் நலிந்தவராகவோ இருந்தால், டி.எஸ்.பி. முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது.

11. கைது பண்ணும்போது எதை விட்டா ரிமாண்டே போயிடும்?

கைதுக்கான காரணம். எந்தக் குற்றம், எந்தச் செயல், ஏன் கைது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுங்கள். பிரிவு எண்ணை மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. 2025-இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் இதை வலியுறுத்தியது. உடனே தர முடியாத நிலையிலும் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கையில் சேர வேண்டும்.

மற்றவை: தெளிவாகப் படிக்கக்கூடிய பெயர்ப்பட்டை, குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட்ட கைதுக் குறிப்பாணை, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல், உடல் சோதனையில் எடுத்த பொருளுக்கு ரசீது, மருத்துவப் பரிசோதனை. ஏற்கெனவே காயம் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டிப் பதியுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு, முழு நேரமும் கூட இருக்க அல்ல.

12. ‘விசாரணைக்கு’ன்னு கூட்டிட்டு வந்து உட்கார வெச்சா அது கைது இல்லையே?

எழுந்து போக விடாத நிமிடத்திலிருந்து அது காவல்தான், ஜி.டி.யில் (நிலையப் பொது நாட்குறிப்பில்) எந்த வார்த்தை எழுதினாலும். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்து ஓடும். பயண நேரம் மட்டும் கழியும். சாட்சியாக வரச் சொல்வதற்கும் வரம்பு உண்டு. பிரிவு 179-இன்படி 15 வயதுக்கு உட்பட்டவர், 60 வயதுக்கு மேற்பட்டவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

13. பெண்கள், சின்னப் பசங்க விஷயத்துல தனியா என்ன பார்க்கணும்?

சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். 18 வயது நிரம்பாதவரை எந்தக் குற்றத்துக்கும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதில் சந்தேகம் வந்தால் குழந்தை என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு பெரியவர் என்று தெரிந்தால் சரிசெய்யலாம். தவறாக லாக்கப்பில் கழிந்த ஓர் இரவைச் சரிசெய்ய முடியாது.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை நிலைய வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

14. எப்போ லத்தியை எடுக்கலாம்? எவ்வளவு அடிக்கலாம்?

‘எவ்வளவு’ என்று கேட்பதை விட ‘எதற்காக’ என்று கேளுங்கள். பலப்பிரயோகம் எதிர்ப்பை அடக்கத்தான், தண்டிக்க அல்ல. முதலில் குரல்: தெளிவான சிறு கட்டளை, அதற்குக் கீழ்ப்படிய நேரம். பிறகு பிடித்தல், அதன் பிறகே லத்தி. லத்தி இடுப்புக்குக் கீழே, தொடை, கெண்டைக்கால் தசையில் பட வேண்டும்; தலை, கழுத்து, முதுகெலும்பு, மூட்டு கூடாது. அவர் கையைத் தூக்கிய, விழுந்த, பிடிபட்ட நொடியில் உங்கள் அதிகாரம் தீர்ந்தது. குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி உட்காராதீர்கள். மூச்சுத் திணறி இறப்பது அப்படித்தான். கைவிலங்கு பூட்டியதும் ஒருக்களித்துத் திருப்புங்கள். காயம் இருந்தால் உடனே மருத்துவமனை.

சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் உத்தரவை நிர்வாக நடுவரோ நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரோதான் தர முடியும். வரிசையில் நிற்கும் காவலர் தானாகத் தொடங்கக் கூடாது. உங்கள் மீதே தாக்குதல் வந்தால் தற்காப்புரிமை உண்டு, தேவைக்கு மீறாத அளவில்.

15. ரெண்டு தட்டு தட்டினாத்தானே உண்மை வரும்? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?

சொல்வார்கள். அடித்தால் வருவது நீங்கள் கேட்க விரும்பும் பதில். அது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பி.எஸ்.ஏ. 23. அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைச் சுட்டும் பகுதி மட்டும் நிற்கும். ஒப்புதலுக்காகக் காயம் ஏற்படுத்தினால் பி.என்.எஸ். 120-இன்படி 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில் ஆய்வாளர் முதல் காவலர் வரை கொலைக் குற்றச்சாட்டைச் சந்தித்தார்கள்.

உண்மையை வரவழைப்பது தயாரிப்பு. அழைப்பு விவரம், கேமரா, சாட்சி மூன்றையும் முதலில் கையில் வைத்துக்கொண்டு, அவரை முழுக்கப் பேசவிட்டு, நேரம் நேரமாகக் கேளுங்கள். பொய் சொன்னவர் ஒரே நாளை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்லும்போது மாட்டுவார்.

16. மேலதிகாரியே தப்பான ஒண்ணைச் செய்யச் சொன்னா?

7-ஆம் பதிலில் மேலதிகாரி உள்ளே போனாலும் எழுதச் சொன்ன மாதிரி, இங்கேயும் மேலதிகாரிக்குச் சட்டம் ஒன்றே. சட்டப்படியான உத்தரவென்றால் உடனே செய்யுங்கள். வெளிப்படையாகச் சட்டவிரோதமானால், ‘அவர் சொன்னார்’ என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. சண்டை போடத் தேவையில்லை: ‘ஐயா, ஜி.டி.யில் உத்தரவா எழுதிடட்டுங்களா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். தவறான உத்தரவுகளில் பெரும்பாலானவை எழுத்துக்கு வருவதில்லை. அதற்கு மேலும் வற்புறுத்தினால் மறுத்து, நேரத்தோடு குறித்துவைத்து, அடுத்த நிலை அதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

17. கடன் பாக்கி, இடத் தகராறுன்னு வர்றாங்க. பேசி முடிச்சு வெக்கலாமா?

யாருக்குச் சொந்தம், யார் எவ்வளவு தர வேண்டும் என்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. நிலையத்தில் பத்திரம் எழுதி வாங்கினால் அது கட்டப்பஞ்சாயத்து. அதே தகராறில் மிரட்டலோ அத்துமீறி நுழைதலோ அடியோ இருந்தால், அந்தக் குற்றத்துக்கு மட்டும் நடவடிக்கை. நிலத்தைச் சுற்றி அமைதி கெடும் என்றால் பிரிவு 164-இன்படி நிர்வாக நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கணவன் வீட்டில் கொடுமை என்று வருவதைக் ‘குடும்பப் பிரச்சினை’ என்று இதே கூடையில் போடாதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 5-ஆம் பிரிவு, பாதுகாப்பு உத்தரவு, பாதுகாப்பு அலுவலர், இலவசச் சட்ட உதவி, குற்றப் புகார் தரும் உரிமை ஆகியவற்றை அந்தப் பெண்ணுக்குச் சொல்வதை உங்கள் கடமையாக்கியிருக்கிறது.

18. நம்மளை வீடியோ எடுத்தா போனைப் பிடுங்கலாமா?

பொது இடத்தில் படமெடுப்பது மட்டுமே குற்றமாகாது. வேலைக்கு இடைஞ்சலாக நின்றால் ‘இரண்டடி பின்னால் நின்று எடுங்கள்’ என்று சொல்லுங்கள். பிடுங்குவதற்கும் அழிக்கச் சொல்வதற்கும் அதிகாரம் கிடையாது. அந்தப் பதிவு உங்களுக்கே சாட்சியாகவும் இருக்கலாம்.

19. அடிபட்டவர் ரோட்டுல கிடக்கார், அடிச்சவன் ஓடறான். நான் தனியா இருக்கேன். யாரைப் பார்க்கறது?

அடிபட்டவரை. ஓடுபவரை நாளைக்கும் பிடிக்கலாம். ஆனால் ஓடுபவர் கையில் கத்தியோடு கூட்டத்துக்குள்ளோ இன்னொருவரைத் துரத்தியோ போனால் கணக்கு மாறும். அப்போது அடுத்து வரப்போகும் காயத்தைத் தடுப்பதே உயிர் காப்பது. அருகில் இருப்பவரிடம் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்தொடருங்கள்.

எதுவானாலும் முதலில் வயர்லெஸ். இடம், ஓடும் திசை, உடை நிறம், ஆயுதம், வண்டி எண்ணில் தெரிந்த இலக்கங்கள் என்ற வரிசையில் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பதறிப்போய் ‘சீக்கிரம் வாங்க’ என்று மட்டும் கத்தினால் யாரும் எங்கும் மறிக்க முடியாது. காயம்பட்டவர் பேசும் நிலையில் இருந்தால், அழுத்திப் பிடித்தபடியே ‘யார் அடிச்சது?’ என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை நேரத்தோடு எழுதிவிடுங்கள். அவர் பிழைக்காமல் போனால் அந்த ஒரு வரி மரண வாக்குமூலமாக நிற்கக்கூடும்.